பிரிப்புச் சுவரால் இழந்த நிலத்துக்கு வியன்னாவில் ஒரு பதிவேடு: அதனால் உரிமையாளருக்கு என்ன பயன்?

செம்பருத்தி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். மேற்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவரைப் பற்றி ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றம் 2004ஆம் ஆண்டு ஜூலை 9 அன்று வழங்கிய ஆலோசனைக் கருத்தை அண்மையில் முழுமையாகப் படித்தேன். சுவருக்காகப் பறிக்கப்பட்ட நிலங்களையும் பழத்தோட்டங்களையும் ஒலிவத் தோப்புகளையும் பிற அசையாச் சொத்துகளையும் உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டும் என்றும், திருப்பித் தருவது இயலாத இடங்களில் இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் நீதிமன்றம் அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதினைந்து நீதிபதிகளில் பதினான்கு பேர் இதற்கு உடன்பட்டிருக்கிறார்கள். இதைத் தொடர்ந்து, சேதங்களைப் பதிவுசெய்வதற்கென்றே ஒரு பதிவேட்டை ஏற்படுத்தும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை 2006 டிசம்பர் 15 அன்று நிறைவேற்றியது. அதற்கான அலுவலகம் வியன்னாவில் இயங்குகிறது.

என்னை உறுத்துவது அந்த அலுவலகத்தின் அதிகார வரம்பு. அது சேதத்துக்கு விலை மதிப்பிடுவதில்லை. யாருக்கும் இழப்பீடு வழங்குவதில்லை. இரு தரப்பையும் அழைத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதும் அதன் வேலை அன்று. விண்ணப்பத்தைப் பெற்று, சரிபார்த்து, பதிவேட்டில் சேர்ப்பதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. அப்படியானால், நிலத்தை இழந்த ஒரு விவசாயி அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதால் அவருக்குச் சட்டப்படி எதுவும் கிடைக்கிறதா, அல்லது உலக நாடுகள் தங்கள் மனச்சாட்சியை ஆற்றிக்கொள்வதற்கான ஓர் ஏற்பாடு மட்டும்தானா? மேலும், அங்குள்ள பல குடும்பங்களிடம் முறையான கிரயப் பத்திரமே இல்லை என்று படித்தேன். அவர்கள் தங்கள் உரிமையை எப்படி மெய்ப்பிக்கிறார்கள்? அனைத்துலகச் சட்டத்திலோ நில ஆவணங்களிலோ பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


மருதம் பதிலளிக்கிறார்:

வணக்கம் செம்பருத்தி. இந்தப் பதிவேட்டைப் புரிந்துகொள்வதற்கு, அது ஏன் பாதுகாப்பு அவையிலிருந்து பிறக்காமல் பொதுச்சபையிலிருந்து பிறந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

1990இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது; அதனால் விளைந்த இழப்புகளுக்கு ஈராக்கே பொறுப்பு என்று பாதுகாப்பு அவை தனது 687ஆம் தீர்மானத்தில் அறிவித்தது. அது ஐ.நா. சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ், எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வகையில் எடுக்கப்பட்ட முடிவு. ஜெனீவாவில் இழப்பீட்டு ஆணையம் ஒன்று 1991இல் அமைந்தது. ஈராக்கின் எண்ணெய் வருவாயிலிருந்து ஒரு பங்கு நேராக அதன் நிதிக்குச் சென்றது. சுமார் 27 லட்சம் கோரிக்கைகளை ஆராய்ந்து, 5,240 கோடி டாலர் வரை வழங்கி, 2022 ஜனவரியில் கடைசித் தவணையையும் செலுத்தி முடித்தது. அந்த ஏற்பாட்டில் பொறுப்பு, பணம், அதிகாரம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன.

சுவர் விவகாரத்தில் அந்த வழி அடைபட்டிருந்தது. பாதுகாப்பு அவையில் வீட்டோ அதிகாரம் குறுக்கே நின்றதால்தான் பொதுச்சபை தனது பத்தாவது அவசரச் சிறப்பு அமர்வை மீண்டும் கூட்டி, 2003 டிசம்பர் 8 அன்று அனைத்துலக நீதிமன்றத்திடம் ஆலோசனை கேட்டது. கருத்து வெளியான பதினோராம் நாள், 2004 ஜூலை 20 அன்று, அதை இஸ்ரேல் மதித்து நடக்க வேண்டும் என்று கோரிய தீர்மானம் 150 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தவை 6 நாடுகள், வாக்களிக்காமல் விலகி நின்றவை 10. சேதப் பதிவேடு ஒன்றை அமைக்குமாறு பொதுச்செயலாளரைக் கேட்டுக்கொண்டதும் இதே தீர்மானந்தான். பொதுச்சபையால் ஒரு நாட்டின் கருவூலத்தில் கைவைக்க முடியாது. தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒன்றை அது செய்தது: இழப்புக்கான சான்று அழிந்துபோகாமல் ஓரிடத்தில் சேர்த்து வைத்தது.

நீங்கள் கேட்ட பயன் இங்கேதான் இருக்கிறது. இழப்பீடு பெறும் உரிமையைப் பதிவேடு உருவாக்குவதில்லை. அந்த உரிமை, சட்டத்துக்குப் புறம்பான செயல் நடந்த அன்றே பிறந்துவிடுகிறது. தவறிழைத்த அரசு அதன் விளைவுகள் அனைத்தையும் இயன்றவரை துடைத்தெறிந்து பழைய நிலையை மீட்டுத் தர வேண்டும் என்பது 1928இல் ஹோர்ஷோவ் தொழிற்சாலை வழக்கில் அன்றைய நிரந்தர அனைத்துலக நீதிமன்றம் வகுத்த விதி. 2004இன் கருத்து அதையே மேற்கோள் காட்டுகிறது. இந்த உரிமை சில ஆண்டுகளில் நீர்த்துப்போவதன்று. ஆனால், சான்று நீர்த்துப்போகும். சாட்சிகள் இறப்பார்கள், வேரோடு பிடுங்கப்பட்ட மரங்கள் நின்ற இடமே தெரியாமல் போகும், கிராம மன்ற அலுவலகத்தின் பழைய தாள்கள் மட்கும். நாளை ஒரு பேச்சுவார்த்தையிலோ உடன்படிக்கையிலோ இழப்பீட்டு ஆணையம் ஒன்று அமையும்போது, 'இந்தத் தோப்பில் எத்தனை மரங்கள் இருந்தன, அது யாருடையது, எந்த ஆண்டில் போயிற்று' என்ற கேள்விகளுக்கு அப்போது விடை தேடினால் கிடைக்காது. முதல் தகவல் அறிக்கை தண்டனை வாங்கித் தருவதில்லை, ஆனாலும் அதைப் பதிவுசெய்யாமல் விட்ட வழக்கு என்ன கதிக்கு ஆளாகும் என்பதை நாம் அறிவோம்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நீதிமன்றம் இஸ்ரேலின் பாதுகாப்பு வாதத்தைக் கேட்காமல் புறந்தள்ளவில்லை. தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் தன் குடிமக்கள் கொல்லப்பட்டதையும் அவர்களைக் காக்கும் கடமை தனக்கு உண்டென்பதையும் இஸ்ரேல் முன்வைத்தது. குடிமக்களைக் காக்கும் உரிமையும் கடமையும் அதற்கு உண்டு என்பதை நீதிமன்றமும் ஏற்றது. ஆனால், பாதுகாப்பு நோக்கத்தை அடைவதற்குச் சுவர் இந்தக் குறிப்பிட்ட தடத்தில்தான் செல்ல வேண்டியிருந்தது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. தடம்தான் இங்கே மையமான சிக்கல். மேற்குக் கரையை இஸ்ரேலிலிருந்து பிரிக்கும் போர்நிறுத்தக் கோடான பச்சைக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். திட்டமிடப்பட்ட சுவரின் நீளமோ 700 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அதில் சுமார் 85 விழுக்காடு மேற்குக் கரைக்கு உள்ளேயே வளைந்து நெளிந்து செல்கிறது. சுவர் பச்சைக் கோட்டின் மீதே எழுந்திருந்தால் இந்தப் பதிவேட்டுக்கு வேலை மிகக் குறைவாகவே இருந்திருக்கும்.


கல்வெட்டு பதிலளிக்கிறார்:

மருதம் அவர்கள் சட்டத்தை விளக்கிவிட்டார். நான் பதிவுத்துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால், செம்பருத்தி கேட்ட இரண்டாவது கேள்வியில் எனக்குத் தனி அக்கறை உண்டு. பாலஸ்தீன நில ஆவணங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன்.

மேற்குக் கரையின் நில உரிமை ஒரே ஆட்சியின் சட்டத்தில் எழுதப்பட்டதன்று. அடிப்படையில் 1858ஆம் ஆண்டின் ஒட்டோமான் நிலச் சட்டம், அதன்மேல் பிரிட்டிஷ் ஆணையாட்சிக் காலத்து நில அளவைகள், அவற்றுக்கும் மேலே ஜோர்டான் தொடங்கிய நிலவரித் திட்டம் என்று அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. ஜோர்டான் மேற்கொண்ட அளவையும் பட்டாப் பதிவும் முடிவதற்கு முன்பே 1967 போர் வந்துவிட்டது. இஸ்ரேலிய இராணுவ நிர்வாகம் அந்தப் பணியை அப்படியே நிறுத்திவைத்தது. அதுவரை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிலத்துக்குத்தான் முறையான பதிவு முடிந்திருந்தது. எஞ்சிய நிலத்தை உழுது பயிரிடுபவர்களிடம் இருப்பவை நிலவரி கட்டிய சான்றுகளும், ஊர்த் தலைவரான முக்தார் எழுதித் தந்த உறுதிச் சீட்டுகளும், கைமாறிக் கைமாறி வந்த சாதாரண விற்பனை ஒப்பந்தங்களும்தாம். நம் ஊரில் பட்டா மாறுதல் செய்யாமல் தாத்தா பெயரிலேயே கிடக்கும் நிலங்களை அறிந்தவர்களுக்கு இந்த நிலைமை எளிதில் விளங்கும். ஆனால், அங்கே அந்தத் தாத்தா பெயரும் ஒட்டோமான் காலத்து வரிப்பதிவில், உண்மையான பரப்பைவிடக் குறைத்து எழுதப்பட்டிருக்கக்கூடும். வரியைக் குறைப்பதற்காக அன்று அவ்வாறு எழுதியவர்கள் பலர்.

பதிவேட்டின் விதிமுறைகள் 2009இல் வகுக்கப்பட்டபோது இந்த நிலைமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்பதே எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கிரயப் பத்திரம் இல்லையென்றால் கோரிக்கையே இல்லை என்று அவர்கள் கதவை மூடவில்லை. நிலப்பதிவுச் சான்று இருந்தால் நன்று. இல்லாவிட்டால் வரிப்பதிவு நகலும், வாரிசுச் சான்றிதழும், கிராம மன்றத்தின் உறுதிமொழியும் சேர்ந்து ஒன்றையொன்று தாங்கி நிற்கலாம். நிலவரி ஆவணத்தில் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கும். அவருடைய வாரிசுகள் யார் யார் என்பதை ஷரியா நீதிமன்றம் வழங்கிய சான்றிதழ் காட்டும். அந்தப் பட்டியலின் கடைசிக் கிளையில் விண்ணப்பதாரரின் பெயர் வரும். அடையாள அட்டை நகலோடு இவை அனைத்தும் ஒரே கோப்பில் கட்டப்படுகின்றன. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களுக்குத் துணை ஆவணங்கள் மட்டும் பத்து லட்சத்தைத் தாண்டியது இதனால்தான்.

இந்த விண்ணப்பங்களை வியன்னாவில் உட்கார்ந்துகொண்டு யாரும் வாங்கவில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் கிராமம் கிராமமாகச் சென்று, அரபு மொழியில் கேட்டு எழுதினார்கள். 2008இல் வடக்கே ஜெனின் மாவட்டத்தில் தொடங்கிய வேலை துல்கரம், கல்கீலியா, சல்ஃபீத் என்று சுவரின் தடத்தைப் பின்பற்றித் தெற்கே நகர்ந்தது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இழப்புகளை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: விவசாயம், வணிகம், குடியிருப்பு, வேலைவாய்ப்பு, பள்ளி, மருத்துவமனை போன்ற சேவைகளை அடைய முடியாமை, பொதுச் சொத்து. கடைசி வகை கிராம மன்றங்களும் நகராட்சிகளும் இழந்த பாதைகள், கிணறுகள், மேய்ச்சல் நிலங்கள் போன்றவற்றுக்கானது.

விவசாய இழப்பு எப்படி நேர்கிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். நகரங்களை ஒட்டிய இடங்களில் எட்டு, ஒன்பது மீட்டர் உயரக் கான்கிரீட் பலகைகள் நிற்கின்றன. நாம் படங்களில் பார்ப்பது அதைத்தான். ஆனால், நீளத்தில் பெரும்பகுதி அப்படிப்பட்டதன்று. நடுவே தொட்டால் சைகை எழுப்பும் மின்னணு வேலி, அதையொட்டி ரோந்து வண்டிகளுக்கான சாலை, கால்தடம் பதிவதற்காக மென்மையாகப் பரப்பிய மணல் பட்டை, வண்டிகள் தாண்டாதிருக்க வெட்டிய அகழி, அடுக்கடுக்காகச் சுருட்டி வைத்த முள்கம்பி என்று ஐம்பது முதல் நூறு மீட்டர் அகலத்துக்கு விரிந்த அமைப்பு அது. அந்த அகலத்துக்குள் அகப்பட்ட நிலம் முதல் நாளே போய்விடுகிறது. நிலத்தை அங்கே துனம் என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். ஒரு துனம் ஆயிரம் சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ 25 சென்ட். நூறு மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் சென்றால் நூறு துனம் கரைகிறது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அதற்கு அப்பால் இருப்பது இன்னொரு வகை இழப்பு. சுவருக்கும் பச்சைக் கோட்டுக்கும் இடையே சிக்கிய நிலம் 2003 அக்டோபர் முதல் இராணுவ ஆணையால் மூடிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே தன் சொந்தத் தோப்புக்குச் செல்வதற்கும் உரிமையாளர் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 2023 அக்டோபருக்கு முன் வாயில்கள் சில நாள்தோறும், சில வாரத்தில் ஒரு நாள், பல ஒலிவ அறுவடைக் காலத்தில் மட்டும் திறந்தன. ஒலிவ மரத்துக்கு அறுவடைதான் எல்லாம் என்று நகரத்தில் வாழ்பவர்கள் எண்ணலாம். ஆனால், அறுவடைக்குப் பின் கிளைகளைக் கவாத்து செய்ய வேண்டும், மழைக்காலத்தில் உழ வேண்டும், கோடையில் காட்டுத்தீ பரவாதிருக்கக் களையெடுக்க வேண்டும். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் திறக்கும் வாயிலின் வழியே சென்று இவற்றைச் செய்ய இயலாது. மரம் நிற்கும், காய்ப்பு குறையும். கைப்பற்றப்படாத, வெட்டப்படாத மரத்தின் இழப்பையும் பதிவேடு ஏற்றுக்கொள்வது இதனால்தான்.

வாரிசுப் பாகப்பிரிவினை அங்கே எவ்வளவு கொடுமையான விளைவைத் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017இல் வந்த இராணுவ நடைமுறை ஆணையில், 330 சதுர மீட்டருக்குக் குறைவான பங்கில் விவசாயத் தேவை எதுவும் இருக்க முடியாது என்ற ஊகம் சேர்க்கப்பட்டது. பத்து துனம் தோப்பு ஒன்று மூன்று தலைமுறையில் நாற்பது வாரிசுகளுக்குப் பங்கானால் ஒவ்வொருவரின் பங்கும் 250 சதுர மீட்டர்தான். தோப்பு முழுதும் ஒரே குடும்பத்தின் கூட்டுப் பயிர்ச்செய்கையில் இருந்தாலும், தாளில் ஒவ்வொருவரும் அனுமதிக்குத் தகுதியற்றவர் ஆகிவிடும் நிலை வந்தது. உரிமையை மெய்ப்பிக்க வாரிசுச் சான்று தேவை. அதே சான்று காட்டும் பங்கின் அளவே அனுமதியை மறுக்கக் காரணமாயிற்று. ஓர் ஆவணம் உரிமையாளருக்கு எதிராகவே திருப்பப்படுவதைப் பதிவுத்துறையில் இருந்தவனால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.


நெய்தல் பதிலளிக்கிறார்:

இருவரின் விளக்கங்களும் மதிக்கத்தக்கவை. ஆனாலும், பதிவேட்டின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைப்பதற்கு முன்பு, இதே மக்களுக்காக ஐ.நா. முன்பே ஒருமுறை இதே வேலையைச் செய்து முடித்தது என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன்.

1948 டிசம்பர் 11 அன்று நிறைவேறிய 194ஆம் தீர்மானம், அகதிகள் திரும்ப விரும்பினால் திரும்பலாம் என்றும், திரும்ப விரும்பாதவர்களின் சொத்துக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்றும் சொன்னது. அதன்படி அமைந்த பாலஸ்தீன இணக்க ஆணையம் பிரிட்டிஷ் கால நிலப்பதிவுகளையும் வரிப்பதிவுகளையும் ஆராய்ந்து, இஸ்ரேலுக்குள் விடப்பட்ட அரபுச் சொத்துகளைத் துண்டுத் துண்டாக அடையாளம் கண்டது. சுமார் நான்கரை லட்சம் படிவங்கள் உருவாயின. 1964இல் அந்தப் பணி நிறைவடைந்தது. நில ஆவண வேலை என்ற அளவில் அதைக் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், அந்தப் படிவங்களைக் கொண்டு ஒரு குடும்பம் கூட இழப்பீடு பெற்றதில்லை. நியூயார்க்கின் ஆவணக் காப்பகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. அவற்றில் பெயர் கண்டவர்களில் பெரும்பாலோர் இழப்பீடு எதுவும் பெறாமலே இறந்துபோனார்கள்.

ஆகவே, சான்று இல்லாமையால்தான் இழப்பீடு கிடைக்கவில்லை என்ற எண்ணம் எனக்கு ஏற்புடையதன்று. சான்று அன்றும் இருந்தது, செயல்படுத்தும் அரசியல் உறுதிதான் இல்லை. வியன்னா அலுவலகத்துடன் இஸ்ரேல் ஒத்துழைக்கவில்லை. சேதம் குறித்துக் கோரிக்கை இருந்தால் இஸ்ரேலிலேயே உள்ள வழிமுறைகளின் மூலம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. விண்ணப்பம் பெறும் களப்பணி ஐ.நா.வின் வழக்கமான வரவு செலவுத் திட்டத்தில் சேராமல் நாடுகள் மனமுவந்து தரும் நன்கொடையை நம்பியிருப்பது, இந்த வேலையை உலகம் எவ்வளவு முதன்மையாகக் கருதுகிறது என்பதைக் காட்டுகிறது. பதிவு செய்துவிட்டோம் என்ற ஆறுதலே, சுவரை அகற்றச் சொல்லும் அழுத்தத்தைத் தளர்த்திவிடுமோ என்று அஞ்சுகிறேன். நீதிமன்றம் சொன்னவற்றுள் முதலாவது கட்டுமானத்தை நிறுத்த வேண்டும், எழுப்பியதை இடிக்க வேண்டும் என்பது. இழப்பீடு அதற்குப் பிறகுதான் வருகிறது.


தென்றல் பதிலளிக்கிறார்:

இஸ்ரேலிய நீதிமன்ற வழியைப் பற்றி நெய்தல் ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சென்றதால் சிறிது சேர்க்கிறேன். அந்த வழி முற்றிலும் பயனற்றது என்று சொல்ல முடியாது. ஹேக் நீதிமன்றத்தின் கருத்து வருவதற்கு ஒன்பது நாள் முன்பு, 2004 ஜூன் 30 அன்று, பெய்த் சூரிக் கிராம மன்றம் தொடுத்த வழக்கில் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம், ஆராயப்பட்ட சுமார் 40 கிலோமீட்டரில் 30 கிலோமீட்டருக்கான நில எடுப்பு ஆணைகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. பாதுகாப்புக்காகச் சுவர் கட்டும் அதிகாரம் இராணுவத் தளபதிக்கு உண்டு, ஆனால் ஊர் மக்களுக்கு விளையும் தீங்கு அந்த நோக்கத்துக்குப் பொருந்தாத அளவு மிகுந்துவிடக் கூடாது என்பது நீதிபதி அஹரோன் பராக் தலைமையிலான அமர்வின் அளவுகோல். பில்இன் கிராமத்தில் 2007 செப்டம்பரில் தடத்தை மாற்றச் சொன்னார்கள். வேலி உண்மையில் இடம் மாறியது 2011இல்தான். இடைப்பட்ட காலத்தில் வாரந்தோறும் வெள்ளிக்கிழமை அந்த ஊர் மக்கள் நடத்திய ஊர்வலங்களையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால், இந்த வழக்குகள் தீர்த்துவைத்தவை தடம் எங்கே செல்ல வேண்டும் என்ற கேள்வியை மட்டுமே. ஆக்கிரமிக்கப்பட்ட நிலத்தில் சுவர் எழுந்ததே சட்டத்துக்குப் புறம்பானது என்ற கருத்தை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. 2005 செப்டம்பரில் அல்ஃபே மெனாஷே குடியேற்றத்தையொட்டிய தடம் பற்றிய தீர்ப்பில் அதை விரிவாகவே மறுத்தது. அதனால், தடம் மாறாத ஊர்களுக்கு உள்நாட்டுச் சட்டம் தருவது நில எடுப்பு ஆணையின் கீழ் இராணுவம் முன்வரும் பயன்பாட்டுத் தொகை ஒன்றுதான். அதை வாங்கிக்கொண்டால் பறிப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பெரும்பாலான உரிமையாளர்கள் மறுத்துவிட்டார்கள்.


செம்பருத்தி மீண்டும் எழுதுகிறார்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கல்வெட்டு ஐயாவின் விளக்கத்தை இருமுறை படித்தேன். 330 சதுர மீட்டர் விதியைப் பற்றி இதுவரை அறிந்திருக்கவில்லை. நெய்தல் சொன்ன 1964ஆம் ஆண்டுப் படிவங்களைப் பற்றிப் படித்த பிறகு என் ஐயம் குறைவதற்கு மாறாகக் கூடியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு செய்திகளைத் தெளிவுபடுத்த முடியுமா? சொந்த நிலம் இல்லாமல், பிறர் நிலத்தைக் குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கோ எடுத்துப் பயிரிட்டவர்களுக்குப் பதிவேட்டில் இடம் உண்டா? மேலும், அனைத்துலக நீதிமன்றம் 2024இல் மீண்டும் கருத்துச் சொன்ன பிறகு இந்தப் பதிவேட்டின் நிலை மாறியிருக்கிறதா?


மருதம் பதிலளிக்கிறார்:

நெய்தலின் ஐயத்துக்கு முதலில் மறுமொழி சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது மிகவும் நியாயமானது. 1964ஆம் ஆண்டின் படிவங்களுக்கும் வியன்னாப் பதிவேட்டுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. முன்னது அரசுப் பதிவுகளைக் கொண்டு வெளியார் தயாரித்தது. உரிமையாளர்கள் அதில் வாய் திறக்கவில்லை, பலருக்கு அப்படியொரு வேலை நடந்ததே தெரியாது. பின்னதில் ஒவ்வொரு கோரிக்கையும் இழந்தவர் தாமே கையொப்பமிட்டுக் கொடுத்தது. ஈராக் இழப்பீட்டு ஆணையத்தின் அனுபவத்திலிருந்து இதன் அருமை விளங்கும். அங்கே கோரிக்கைகளை அரசுகளின் வழியாகத்தான் பெரும்பாலும் அளிக்க வேண்டியிருந்தது. குவைத்தில் வாழ்ந்த பாலஸ்தீனர்களுக்குத் தங்கள் சார்பில் கோரிக்கை வைக்க ஓர் அரசு இல்லாததால் பலர் காலக்கெடுவுக்குள் விண்ணப்பிக்க முடியாமல் போனது. காலம் கடந்த பிறகு அவர்களுக்கென்று தனி ஏற்பாடு ஒன்றைச் செய்து கோரிக்கைகளைப் பெற வேண்டியிருந்தது. வியன்னாப் பதிவேட்டுக்கு அந்தக் காலக்கெடு கிடையாது. சுவர் நிற்கும் காலம் முழுவதும் அது திறந்திருக்க வேண்டும் என்பது அதன் அமைப்பு விதியிலேயே இருக்கிறது. ஆயினும், முதலில் இடிக்க வேண்டும், இழப்பீடு பிறகு என்று நெய்தல் சொன்ன வரிசையை நானும் ஏற்கிறேன். பதிவேட்டைக் காட்டி அந்த வரிசையை மாற்ற முயல்பவர்களை எதிர்க்கத்தான் வேண்டும்.

குத்தகை பற்றிய உங்கள் கேள்விக்கு விடை: ஆம், இடம் உண்டு. பதிவேடு நிலத்தின் உரிமையாளர்களுக்கு மட்டும் உரியதாக அமைக்கப்படவில்லை. சுவரின் கட்டுமானத்தால் பொருளிழப்புக்கு ஆளான தனிமனிதர்களும், நிறுவனங்கள் போன்ற சட்டமுறை ஆட்களும் அதில் கோரிக்கை வைக்கலாம். குத்தகைதாரர் மண்ணின் விலையைக் கோர முடியாது, ஆனால் தமக்குரிய விளைச்சலின் இழப்பைக் கோரலாம். அதற்கு அவர் குத்தகை ஒப்பந்தத்தையோ அதை உறுதிப்படுத்தும் வேறு ஆவணத்தையோ காட்ட வேண்டும். இழப்பு சுவரின் விளைவுதான், வறட்சியாலோ சந்தை வீழ்ச்சியாலோ நேர்ந்ததன்று என்ற தொடர்பையும் நிறுவ வேண்டும். கோரிக்கை தகுதியுடையதா என்று முடிவுசெய்வது மூன்று பேர் கொண்ட வாரியம். தொடக்கத்தில் ஜப்பான், பின்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த வல்லுநர்கள் அதில் இருந்தார்கள். ஒவ்வொரு கோப்பையும் அவர்கள் பார்ப்பதால் வேலை மெதுவாக நடக்கிறது என்ற குறை உண்டு. அந்த நிதானத்தை நான் குறையாகக் கருதவில்லை. எதிர்த்தரப்பு பங்கேற்காத ஒரு பதிவேட்டில் தகுதியற்ற கோரிக்கைகள் நுழைந்தால், பிற்காலத்தில் அவற்றைச் சுட்டிக்காட்டியே பதிவேடு முழுவதையும் தள்ளிவிடுவார்கள்.

இனி 2024. அந்த ஆண்டு ஜூலை 19 அன்று வந்த கருத்து சுவரோடு நிற்கவில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட பாலஸ்தீனப் பகுதியில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டத்துக்குப் புறம்பானது என்றும், அதனால் விளைந்த சேதத்துக்கு முழு ஈடு செய்ய வேண்டும் என்றும் கூறியது. செப்டம்பர் 18 அன்று பொதுச்சபை 124 வாக்குகளுடன் நிறைவேற்றிய தீர்மானம், இழப்பீட்டுக்கென்று அனைத்துலகப் பொறிமுறை ஒன்று வேண்டும் என்றும், உறுப்பு நாடுகள் ஐ.நா.வுடன் இணைந்து அனைத்துலகச் சேதப் பதிவேடு ஒன்றை உருவாக்க வேண்டும் என்றும் அழைப்பு விடுத்தது. எதிராக 14 நாடுகள் வாக்களித்தன; 43 நாடுகள் விலகி நின்றன. அவற்றுள் இந்தியாவும் ஒன்று என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன்.

இங்கே உக்ரைனுக்கான சேதப் பதிவேட்டைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய மன்றம் 2023 மே மாதம் அதை நிறுவி, ஹேக் நகரில் அலுவலகம் அமைத்து, 2024 ஏப்ரல் முதல் கோரிக்கைகளைப் பெறத் தொடங்கியது; முதலில் எடுத்துக்கொண்ட வகை சேதமடைந்த வீடுகள். அதுவும் வியன்னாப் பதிவேட்டைப் போலவே பணம் வழங்குவதில்லை. ஆனால், அதன் பின்னால் பல அரசுகளின் ஆதரவும், முடக்கப்பட்ட ரஷ்யச் சொத்துகளைப் பற்றிய விவாதமும் இருக்கின்றன. உக்ரைன் குடிமகன் கைப்பேசியிலிருந்தே விண்ணப்பிக்க முடிகிறது. பதிவேடு என்ற அமைப்பு செயலற்றது என்று அதைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. ஒரே வகையான அமைப்பு ஓரிடத்தில் பல்லுடனும் ஓரிடத்தில் பல்லில்லாமலும் இருப்பதற்குக் காரணம் நாடுகளின் விருப்பம்தான், நெய்தல் சொன்னதும் இதையேதான்.

பாலஸ்தீனத்துக்கான புதிய பதிவேடு உருவானால், சுவரைப் பற்றிய கோரிக்கைகளை மீண்டும் முதலிலிருந்து கேட்டு எழுதத் தேவையில்லை. வியன்னாவில் இருக்கும் கோப்புகளை அப்படியே அதனுடன் சேர்க்க வேண்டும் என்று கேட்பதே இப்போது சட்ட வல்லுநர்கள் வற்புறுத்த வேண்டிய முதல் கோரிக்கை என்பது என் கருத்து. அந்தக் கோப்புகளில் ஒரு இடைவெளியும் இருக்கிறது. 2023 அக்டோபருக்குப் பிறகு மூடிய பகுதிக்கான விவசாய அனுமதிகளில் பெரும்பாலானவை முடக்கப்பட்டன. ஒலிவ அறுவடைகள் எடுக்கப்படாமலே போயின. பழைய விண்ணப்பத்தில் 'குறைந்த விளைச்சல்' என்று எழுதியவர்கள் இன்று 'விளைச்சலே இல்லை' என்று எழுத வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். ஏற்கெனவே பதிவுசெய்தவர்கள் அந்தந்த ஆண்டின் இழப்பைக் கூடுதல் ஆவணமாக இணைப்பதற்கான வழியையும் புதிய பதிவேட்டின் விதிகளில் சேர்க்க வேண்டும்.